ஹெர்மினே கேட்ட எட்டாவது சிம்பொனி

சாப்பாட்டுப் பட்டியல் கைக்கு வந்ததும் ஹெர்மினே அதைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார். "எது மிச்சம் இருக்கு?" என்று பரிமாறும் பெண்ணிடம் கேட்கிறார். ஈரல் உருண்டை சூப் ஒரு கிண்ணம்தான் தேறும் என்றால் அது. உருளைக்கிழங்கு சாலட்டின் அடியில் கிடப்பது என்றால் அது. "புதுசா ஒண்ணும் பண்ணாத தாயே. இருக்கிறதைக் கொண்டா." அந்தப் பெண் சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் ஹெர்மினே கரண்டியைத் துடைத்து வைத்துக்கொண்டு தயாராக இருப்பார்.

புதன்கிழமை மாலை ஐந்து மணி. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் டிராம் திரும்பும் முனைக்குப் பின்னால் இருக்கும் உணவகத்தில், கணப்புக்குப் பக்கத்து நீள மேசை எங்களுடையது. கணப்புக்கு முதுகைக் காட்டும் இடத்தில் உட்கார்ந்தால் வேர்க்கும். அதனால் அந்த இடம் எப்போதும் காலியாக இருக்கும். அதில்தான் ஹெர்மினே உட்காருவார்.

வயது அறுபத்தொன்று. முழுப்பெயர் ஹெர்மினே கல்டன்பெக். அகலத் தோள், ஒட்ட வெட்டிய நரைமுடி. எஃகு ஆலையில் முப்பத்துநான்கு வருடம் கிரேன் ஓட்டினார். கூரைக்கு அடியில் தண்டவாளத்தில் ஊர்ந்து போகும் கிரேன் அது. கொக்கியில் தொங்குவது உருகிய எஃகு நிறைந்த தொட்டி. "கீழ நிக்கிறவன் தும்மினாக்கூட நிறுத்திடுவேன். அவன் தும்மி முடிச்சப்புறம்தான் நகத்துவேன்." ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியும் மேலிருந்து பார்க்கும் பழக்கம் போகவில்லை. எதிரே இருப்பவரின் உச்சந்தலையைப் பார்த்துப் பேசுவார். நாம் பேச ஆரம்பித்தால் மட்டும் பார்வை உதட்டுக்கு இறங்கும். அத்தனை அக்கறையாக வேறு யாரும் என் பேச்சைக் கேட்டதில்லை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மேசையின் கதையைச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் புரூக்னர் எங்கள் பக்கத்து மனிதர். இந்த ஊர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துவிட்டு, நடுவயதில் வியன்னாவுக்குப் போய், மலை மலையாக சிம்பொனி எழுதினார். ஒன்பது. அதில் கடைசியை முடிக்காமலே போய்ச் சேர்ந்தார். இவை தவிர இன்னொன்று உண்டு. வயதான காலத்தில் பழைய தாள்களைக் கிளறும்போது கையில் அகப்பட்ட ஒன்றின் மேல் அவரே 'செல்லாது' என்று எழுதி, எண் போட வேண்டிய இடத்தில் ஒரு சுழியைப் போட்டு வைத்தார். அதுதான் பூஜ்யம். ஆக மொத்தம் பத்து.

மேசையில் பத்துப் பேர். ஆளுக்கு ஒன்று. உங்களுக்குப் பிடித்த சிம்பொனி எதுவோ அது உங்களுடையது, வேறு யாரும் அதைத் தனக்குப் பிடித்ததாகச் சொல்லக்கூடாது. அதை யாராவது குறை சொன்னால் எழுந்து நின்று வாதாட வேண்டும். ஊரில் அது வாசிக்கப்பட்டால் எல்லோருக்கும் ஒரே வரிசையில் இடம் பிடித்து, நடுவில் நீங்கள் உட்கார வேண்டும். அடுத்த புதன் கேக் கொண்டுவர வேண்டும். இந்த விதிகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பவர் மருந்துக்கடை நடத்தும் ஒட்டிலியே என்ற அம்மாள். நான்காவது சிம்பொனி அவருடையது.

நான் தபால்காரன். பெயர் லோரென்ஸ். மேசையில் 'தபாலு'. பதினோராவது ஆள் என்பதால் எண் கிடைக்கவில்லை. ஒன்பது வருடமாக மூலையில் உட்கார்ந்து அடுத்தவர் கேக்கைத் தின்றுகொண்டிருந்தேன். புரூக்னர் மாணவராக இருந்தபோது பயிற்சிக்கு எழுதிய இன்னொரு சிம்பொனி இருக்கிறதே, அதையாவது கொடுங்கள் என்று ஒருமுறை கேட்டேன். மேசையே சிரித்தது. ஹெர்மினே மட்டும் என் உச்சந்தலையைப் பார்த்து, "பொறு தம்பி. எனக்கும் கடைசியா மிஞ்சினதுதான் கிடைச்சுது" என்றார்.

உண்மைதான். பத்தொன்பது வருடங்களுக்கு முன் அவர் வந்து சேர்ந்தபோது மேசையில் பூஜ்யம் மட்டும்தான் யாருக்கும் வேண்டாததாகக் கிடந்தது. "சரி, கொடுங்க" என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டபின் அதற்கு ஒரு குறையும் வைக்கவில்லை. "எழுதினவரே வேணாம்னு தள்ளினதை நீ தூக்கிச் சுமக்கிறியேடி" என்று ஒட்டிலியே கிண்டல் செய்தால், ஹெர்மினே எழுந்து நிற்பார். "தள்ளினாரு. கிழிச்சுப் போட்டாரா? வச்சிருந்தாருல்ல?" அவ்வளவுதான் வாதம். உட்கார்ந்துவிடுவார். இத்தனை வருடத்தில் பூஜ்யம் இரண்டே தடவை வாசிக்கப்பட்டது. ஒருமுறை பள்ளிக்கூட மண்டபத்தில் மாணவர்கள், ஒருமுறை பக்கத்து ஊரான ஸ்டெயரில். இரண்டு தடவையும் அக்ரூட் கேக். அவருக்கு அந்த சிம்பொனிமேல் உயிர் என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

எட்டாவது ஆர்னுல்ஃபுடையது. எழுபத்துநான்கு வயது, ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியர். எங்கள் எல்லோருக்கும் 'வாத்தியார்'. மேசைக்கு டை கட்டிக்கொண்டு வருபவர் அவர் ஒருவர்தான். எட்டாவது ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதைப் பற்றி வாத்தியார் பேசினால் அதைவிட நீளும். அவர் இருக்கும்போது எட்டாவதைப் பற்றி வாய் திறக்க நாங்கள் கிட்டத்தட்ட அனுமதி வாங்குவோம்.

இந்த வருடம் மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை வாத்தியார் வந்து உட்கார்ந்தார். இரண்டு காதிலிருந்தும் காது கேட்கும் கருவியைக் கழற்றி, கடுகு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"வயலினெல்லாம் தகர டப்பாவில ஆணியை உருட்டுற மாதிரி கேக்குது. ஹார்ப் சுத்தமா இல்ல. மூணு ஹார்ப்! மூணும் இல்ல. இனிமே எட்டாவதுக்கு நான் லாயக்கில்ல. யாராவது எடுத்துக்குங்க."

மேசை பதறியது. "என்ன வாத்தியாரே இது", "உங்களைவிட்டா யாரு", "நாங்க இருக்கமாட்டோமா" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வாத்தியார் ஒவ்வொருவரையும் பார்த்துத் தலையைச் சோகமாக ஆட்டினார். ஆட்டிவிட்டு அடுத்து யார் சொல்லப்போகிறார் என்று பார்த்தார். ஒட்டிலியே மட்டும் கடமை தவறாமல் நோட்டைப் புரட்டினார். எண் காலியானால் முதல் உரிமை பூஜ்யம் வைத்திருப்பவருக்கு என்று ஒரு விதி இருந்தது. ஹெர்மினே சேர்ந்த அன்று, பாவம் என்று இரக்கப்பட்டு, வாத்தியாரே தன் கையால் எழுதியது.

எல்லோரும் ஹெர்மினேவைப் பார்த்தோம். அவர் என்ன சொல்வார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எனக்குப் பூஜ்யமே போதும் என்பார். வாத்தியார் கருவியை எடுத்துக் காதில் மாட்டிக்கொள்வார். சூப் வரும்.

"எனக்கு வேணும்" என்றார் ஹெர்மினே.

வாத்தியார் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். "என்னது?"

"எட்டாவது எனக்கு வேணும்."

"சத்தமாச் சொல்லும்மா, கழட்டி வச்சிருக்கேன்ல!"

ஹெர்மினே எழுந்து நின்றார். ஆலைக் கூரையிலிருந்து தரைக்குக் கேட்கும் குரல் அவருடையது. "எட்டாவதை நான் எடுத்துக்கறேன் வாத்தியாரே!"

உணவகம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். வாத்தியார் கருவிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு, "சரி. நல்லது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவருடைய சூப் அப்போதுதான் வந்தது.

அதற்கடுத்த புதனும் அவர் வரவில்லை. அதற்கடுத்ததும். ஒட்டிலியே பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டார்.

"ஏண்டி, அந்த மனுஷன் நீ வேணாம்னு சொல்லுவேன்னுதானே எட்டாவதை மேசைமேல வச்சாரு? உனக்குப் புரியலையா?"

"புரிஞ்சுது."

"புரிஞ்சுமா?"

"வேணாம்னு சொன்னா பொய்யில்லையா ஒட்டிலியே? எனக்குப் பூஜ்யம் ஒண்ணும் அவ்வளவு பிடிக்காது. மூணாவது பகுதி பரவாயில்ல, குதிச்சுக்கிட்டுப் போகும். மத்தபடி, வாசல்ல வந்து நின்ன பூனைக்குப் பால் ஊத்துற மாதிரி ஊத்தினேன். பத்தொன்பது வருஷம் ஊத்தினா எல்லாரும் என் பூனைன்னுதான் நினைப்பாங்க."

பிறகு எங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். இருபத்தொன்பது வயதில், ஆலையில் தொழிலாளர்களுக்குக் கச்சேரிச் சீட்டு கொடுத்தார்களாம். கால்பந்துச் சீட்டுகள் எல்லாம் போனபிறகு மேசைமேல் கிடந்தது எட்டாவது சிம்பொனிக்கான ஒரு சீட்டுதான். காலை வேலை முடித்த கையோடு, எண்ணெய்க் கறை படிந்த ஜாக்கெட்டோடு போயிருக்கிறார். முதல் பகுதியில் நன்றாகத் தூங்கிவிட்டார். மூன்றாவது பகுதியில், அந்த மெதுவான பகுதியில், விழித்தார்.

"உலைக் கதவைத் திறந்தா மொதல்ல சத்தம் வராது. அடியிலேர்ந்து ஒண்ணு வரும். வயித்துல தெரியும். அது இங்க எப்பிடி வந்துச்சுன்னு எனக்கு ஆச்சரியம். சுத்திப் பாத்தேன், எல்லாரும் சும்மா உக்காந்திருக்காங்க. எனக்கு மட்டும் அழுகை."

"இதை ஏன் சொல்லவே இல்ல?" என்றேன் நான்.

"சொல்லக்கூடாதே தம்பி. விதி இருக்கே. எட்டாவது வாத்தியாரோடது."

பூஜ்யம் எனக்கு வந்தது. ஏப்ரலில் ஒரு புதன்கிழமை ஹெர்மினே ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நிகழ்ச்சித்தாள்கள், இரண்டு இசைத்தட்டுகள், பத்திரிகைத் துண்டுகள். பால் ஊற்றினேன் என்று சொன்னவர் ஒரு துண்டைக்கூடத் தவறவிட்டிருக்கவில்லை. "மொதல்ல மூணாவது பகுதியைக் கேளு. அப்புறம் மெதுவா மத்ததுக்குப் போ. கோவிச்சுக்காது."

எட்டாவது அக்டோபரில் வந்தது, டான்யூப் கரை அரங்கில், ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு. ஹெர்மினே வரிசை பிடித்தார். பதினோரு பேருக்கு. வாத்தியார் வரமாட்டார் என்றார் ஒட்டிலியே. சனிக்கிழமை மதியம் ஹெர்மினே என்னைக் கூப்பிட்டார். "வாத்தியார் வீட்டு மணி உனக்குத்தான் தெரியும், வா." தபால்காரனுக்கு எல்லோர் வீட்டு மணியும் தெரியும். வாத்தியார் வீட்டில் மணி அடித்தால் பிரயோசனமில்லை, கதவில் உள்ளங்கையால் தட்ட வேண்டும். அதிர்ந்தால் வருவார்.

வந்தார். வீட்டில் இருக்கும்போதும் டை கட்டியிருந்தார். கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு காபி போட்டார். மூன்று பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். சுவரில் பெரிய ஆசிய வரைபடம்.

"நீ எடுத்துக்கிட்டது தப்பில்ல ஹெர்மினே" என்றார் வாத்தியார் கடைசியில். "விதிப்படி சரி. ஆனா கேட்ட உடனே எடுத்தே பாரு, அது. ஒரு வாரம் யோசிச்சிருக்கலாம்."

"முப்பத்திரண்டு வருஷம் யோசிச்சேன் வாத்தியாரே."

அவர் காபியைக் கலக்கினார். சர்க்கரை போடாத காபி அது. "நாளைக்கு நான் வந்து என்ன பண்ண? உள்ள ஆணி உருளும். உங்க மூஞ்சியெல்லாம் பாத்துக்கிட்டு, இப்ப ஹார்ப் வந்திருக்கும், இப்ப வயலின் ஏறியிருக்கும்னு கணக்குப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

"நான் அதைத்தான் பண்றேன்."

"எதை?"

"எனக்கு மேல் ஸ்தாயிச் சத்தம் கேக்காது. பதினஞ்சு வருஷமாச்சு. ஆலையில போச்சு. வயலின்ல பாதி எனக்குக் கிடையாது. ஹார்ப் வாசிக்கிறவங்க கையைப் பாப்பேன், கை நகந்தா வந்திருக்கும்னு வச்சுக்குவேன்."

வாத்தியார் கரண்டியை வைத்தார். இத்தனை வருடமாக ஹெர்மினே என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அடிப்பாவி!" என்றார் வாத்தியார். "போன வருஷம் வயலின் வாசிச்ச விதத்தைப் பத்தி என்கூட ஒரு மணி நேரம் சண்டை போட்டியே! மேசையைத் தட்டித் தட்டிப் போட்டியே!"

"சண்டை போட வயலின் எதுக்கு? அதுக்கு முந்தின வருஷம் நீங்க சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னேன். அதையே நீங்க ஒத்துக்கல."

வாத்தியார் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மூக்கால், பிறகு தோளால். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது முகம் வேறு மாதிரி இருந்தது. "யார்கிட்டயும் சொல்லலையே நீ?"

"சொன்னா அழகா ஒரு பரிதாபம் பண்ணுவீங்க. எனக்கு ஆகாது." ஹெர்மினே எழுந்தார். "கருவியைக் கழட்டிட்டு வாங்க. அது உங்களுக்குப் பேச்சுக்குப் பண்ணினது, இதுக்கில்ல. அப்புறம், ஷூவைக் கழட்டிடணும். கீழ மரத்தரை. பேஸ் வயலின் எட்டும் காலுக்கு வரும், டிரம் முதுகுக்கு வரும். மிச்சத்துக்கு நாற்காலியைப் பிடிச்சுக்குங்க."

"அரங்கத்திலயா? ஷூவையா?" என்றார் வாத்தியார். வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரிசையின் நடுவில் ஹெர்மினே உட்கார்ந்தார். அவருக்கு வலப்பக்கம் ஒட்டிலியே, அடுத்து நான். இடப்பக்கம் ஒரு நாற்காலி காலி. ஹெர்மினே நல்ல நீல உடுப்பு போட்டிருந்தார், முதல் முறையாக உதட்டுச் சாயமும். கதவுகளைச் சாத்தப் போகும் நேரத்தில் வாத்தியார் நடைபாதையில் தெரிந்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே முழங்கால்களைத் தாண்டி வந்து உட்கார்ந்தார். ஹெர்மினே குனிந்து தன் ஷூக்களைக் கழற்றி நாற்காலிக்கடியில் தள்ளினார். வாத்தியார் நேராக மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பகுதி முழுக்க அவர் கல்லாக இருந்தார். இரண்டாவதிலும் அப்படியே. நான் இசையைக் கேட்டேன் என்று சொன்னால் பொய். என் கவனமெல்லாம் வாத்தியாரின் இரண்டு ஷூக்களில் இருந்தது, பளபளவென்று துடைத்த கறுப்பு ஷூக்கள். மூன்றாவது பகுதிக்கு முன்னால் அரங்கம் இருமி அடங்கியது. இசை நடத்துநர் கையைத் தூக்கினார். கீழ்ச்சுரத்தில், மூச்சு வாங்குவதுபோல அந்தத் துடிப்பு ஆரம்பித்தது. வாத்தியாரின் கை மெதுவாகக் கீழே போயிற்று. வலது ஷூவின் முடிச்சை அவிழ்த்துக் கழற்றியது. இடதுக்கு வருவதற்குள் ஏதோ ஒன்று அவருக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். கை பாதியில் நின்றது. நிமிர்ந்து நாற்காலிப் பிடியைப் பற்றிக்கொண்டார். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும் பகுதி அது. அவர் அசையவில்லை.

கடைசிப் பகுதியின் கடைசியில் முழு வாத்தியக் கூட்டமும் ஒரே குரலாக மூன்று சுரம் இறங்கி நின்றது. ஒரு கணம் எதுவுமில்லை. பிறகு கைதட்டல் கூரையை முட்டியது. நடத்துநரை நான்கு முறை திரும்பக் கூப்பிட்டார்கள். எங்கள் ஆட்கள் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். ஹெர்மினேவும் வாத்தியாரும் உட்கார்ந்தே இருந்தார்கள்.

விளக்கு போட்டு, மேடை காலியாகி, ஜனம் நகர ஆரம்பித்தது. வலக் கோடியிலிருந்து ஓர் அம்மாள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு இந்தப் பக்கமாக வந்தார். அந்தப் பக்கம் நெரிசல். நானும் ஒட்டிலியேயும் ஒதுங்கி வழி விட்டோம். ஹெர்மினேவின் முன்னால் வந்து நின்றார்.

"கொஞ்சம் எழுந்துக்கிறீங்களா? போகணும்."

வாத்தியார் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு காலில் ஷூ இல்லை. கைகள் இரண்டும் இன்னும் நாற்காலியைப் பற்றியிருந்தன.

ஹெர்மினே அந்த அம்மாளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு காலுறை போட்ட இரண்டு கால்களையும் நீட்டி, முன் நாற்காலியின் முதுகில் பதித்து, வரிசையை அடைத்துக்கொண்டார்.